ஆர்.சி. விமானத்துக்கு ரிசீவர்: வகை பார்த்து வாங்குவதிலிருந்து ரேஞ்ச் சோதனை வரை

"ஆறு சேனல் ரிசீவரில் எது நல்லது?" என்று கேட்டபடிதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் ரேடியோ கட்டளைகளை விமானத்தில் வாங்கும் சின்னப் பெட்டிதான் ரிசீவர்; ஒவ்வொரு தனிக் கட்டளைக்கும் ஒரு சேனல். சேனல் எண்ணிக்கையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, அவற்றைத் தாண்டிக் குதிப்பவர்களே டிரான்ஸ்மிட்டரோடு பைண்ட் ஆகாத, அதாவது ஜோடி சேராத, ரிசீவரோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரிசீவர் வகை என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. டிரான்ஸ்மிட்டரிலிருந்து காற்றில் எந்தப் புரோட்டோகால் (ரேடியோ மொழி) வருகிறது என்பது ஒன்று. ரிசீவரிலிருந்து கம்பியில் எந்த சிக்னல் வெளியே போகிறது என்பது இன்னொன்று. அந்தச் சின்னப் பெட்டிக்குள் கைரோ (சாய்வை உணர்ந்து சரிசெய்வது), டெலிமெட்ரி (விமானத்திலிருந்து தகவலைத் திருப்பி அனுப்புவது) என்று வேறு என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்பது மூன்றாவது. "ஈஎல்ஆர்எஸ் ரிசீவர்" என்பவர் முதலாவதைச் சொல்கிறார், "எஸ்பஸ் ரிசீவர்" என்பவர் இரண்டாவதை, "கைரோ ரிசீவர்" என்பவர் மூன்றாவதை. இவற்றை இதே வரிசையில் முடிவு செய்தால் குழப்பம் பெரும்பாலும் வராது.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

டிரான்ஸ்மிட்டரின் முழு மாடல் பெயரும் அதன் கையேடும் வேண்டும். நிறுவனத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. காரணம் அடுத்த படியில் வரும்.

விமானத்தில் எத்தனை சர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்னக் கருவி), எத்தனை மோட்டார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) விவரத்தில் பிஇசி (ரிசீவருக்கு மின்சாரம் தரும் அதன் பகுதி) எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மல்டிமீட்டரும், புரொப்பெல்லரைக் கழற்ற ஒரு ஸ்பானரும் தேவை. எட்டாம் படி முடியும்வரை புரொப்பெல்லர் மேசைமேல்தான் இருக்க வேண்டும்.

2. காற்றில் வரும் புரோட்டோகாலை உறுதி செய்தல்

இன்றைய ரிசீவர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. ஆனால் அலைவரிசை ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசிவிடாது. ஃபுட்டாபாவின் எஸ்-எஃப்எச்எஸ்எஸ், ஸ்பெக்ட்ரமின் டிஎஸ்எம்எக்ஸ், ஃப்ளைஸ்கையின் ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ, ஃப்ரஸ்கையின் டி16, திறந்த மூல ஈஎல்ஆர்எஸ்ஸின் (எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்) 2.4 வகை எல்லாமே 2.4தான். ஒன்றின் ரிசீவர் மற்றொன்றின் டிரான்ஸ்மிட்டரை அறியாது.

ஒரே நிறுவனத்துக்குள்ளும் இந்தப் பிளவு உண்டு, புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இங்கேதான். ஃபுட்டாபாவிலேயே ஃபாஸ்ட், எஸ்-எஃப்எச்எஸ்எஸ், டி-எஃப்எச்எஸ்எஸ், ஃபாஸ்டெஸ்ட் என்று பல இருக்கின்றன. ஃப்ளைஸ்கை ஐ6 டிரான்ஸ்மிட்டர் ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ ரிசீவரான ஐஏ6பி-யோடு பைண்ட் ஆகும். அதே நிறுவனத்தின் ஏஎஃப்எச்டிஎஸ் 3 ரிசீவரோடு ஆகாது. "ஃப்ளைஸ்கைக்கு ஃப்ளைஸ்கை" என்று நம்பி வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதிந்த மென்பொருள்) பதிப்பையும் பார்க்க வேண்டும். ஃப்ரஸ்கை டி16-இன் முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் சேராது. ஐரோப்பாவுக்கான எல்பிடி ஃபர்ம்வேர் உள்ள ரிசீவர் மற்ற நாடுகளுக்கான ஃபர்ம்வேரோடு சேராது. ஈஎல்ஆர்எஸ்ஸில் முதன்மைப் பதிப்பு எண் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்: 2-இல் இருக்கும் ரிசீவர் 3-இல் இருக்கும் டிரான்ஸ்மிட்டரோடு இணையாது. ரிசீவர் பழுதில்லை, இரண்டும் வெவ்வேறு மொழி பேசுகின்றன, அவ்வளவுதான்.

மல்ட்டி புரோட்டோகால் மாட்யூல் உள்ள டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு விரிவாகும். எட்ஜ்டிஎக்ஸ் (டிரான்ஸ்மிட்டர் மென்பொருள்) மெனுவில் மாடலுக்கு மாடல் வேறு புரோட்டோகால் வைத்துக்கொள்ளலாம். அதிலும் துணை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் பைண்ட் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும்.

868 அல்லது 915 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கிராஸ்ஃபயர், ஈஎல்ஆர்எஸ் ரிசீவர்கள் நீண்ட தூரத்துக்கான தனி இனம். ஐரோப்பாவில் 868, அமெரிக்காவில் 915 என்று நாட்டுக்கு நாடு அனுமதி மாறுவதால், உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறப்பவர்களுக்கு இது தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து. ஆன்டெனா நீளமாகிறது, பொருத்துவது கடினமாகிறது; கிடைக்கும் தூரத்தைப் பயன்படுத்தவும் போவதில்லை.

3. கம்பியின் மறுமுனையில் யார்?

இப்போது ரிசீவரின் வெளியீடு. சர்வோவையும் இஎஸ்சியையும் நேராக ரிசீவரில் செருகப் போகிறீர்களா, நடுவில் ஃப்ளைட் கன்ட்ரோலர் (விமானத்தை ஓட்ட உதவும் சிறு கணினி) இருக்கிறதா? பதில் இந்த ஒன்றில் அடங்கிவிடும்.

நேராகச் செருகுவதானால் பிடபிள்யூஎம் ரிசீவர். ஒவ்வொரு சேனலுக்கும் தனி மூன்று முள் வரிசை இருக்கும். ஏறத்தாழ 1000 முதல் 2000 மைக்ரோவினாடி வரை அகலமுள்ள துடிப்பு ஒன்று, வழக்கமாக 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை போகும். 1500 என்றால் நடு. ட்ரெய்னர், கிளைடர், ஸ்கேல் மாடல் என்று சாதாரண விமானங்களுக்கு இதுவே போதும்.

ஃப்ளைட் கன்ட்ரோலர் இருந்தால் சீரியல் ரிசீவர். எல்லாச் சேனலும் ஒரே சிக்னல் கம்பியில் எண்களாகப் போகும். இந்த வகையில் எஸ்பஸ் 16 சேனல் அனுப்பும், ஆனால் அதன் சிக்னல் தலைகீழானது. எஃப்4 சிப் உள்ள கன்ட்ரோலரில் எஸ்பஸ் என்று குறித்த, இன்வெர்ட்டர் (சிக்னலைத் திருப்பும் சுற்று) வைத்த இடத்தில்தான் அதை இணைக்க முடியும். எஃப்7, எச்7 சிப்கள் தாமாகவே திருப்பிக்கொள்ளும். ஃப்ளைஸ்கையின் ஐபஸ்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிராஸ்ஃபயர், ஈஎல்ஆர்எஸ் ரிசீவர்களின் சிஆர்எஸ்எஃப் இருவழி என்பதால் அனுப்பும் கம்பி (டிஎக்ஸ்), பெறும் கம்பி (ஆர்எக்ஸ்) இரண்டும் வேண்டும். ரிசீவரின் டிஎக்ஸ் கன்ட்ரோலரின் ஆர்எக்ஸுக்கும், ரிசீவரின் ஆர்எக்ஸ் கன்ட்ரோலரின் டிஎக்ஸுக்கும் போக வேண்டும். ஒரே பெயரை ஒரே பெயரோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டு "ரிசீவர் வேலை செய்யவில்லை" என்பவர்கள் நிறைய.

பிபிஎம் என்ற பழைய முறை இன்னமும் சில ரிசீவர்களில் இருக்கிறது. ஒரே கம்பியில் வழக்கமாக 8 சேனல். புதிதாக வாங்குபவர் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

நகம் அளவுள்ள நேனோ ரிசீவரில் நான்கு பற்றவைப்புப் புள்ளிகள் மட்டுமே இருக்கும். விலையைப் பார்த்து அதை வாங்கிவிட்டு, சர்வோவை எங்கே செருகுவது என்று தேடுவது இந்தப் படியைத் தாண்டியவர்களின் வழக்கமான முடிவு. ஸ்பெக்ட்ரமின் சாட்டிலைட் (துணை) ரிசீவர்களும் அப்படித்தான். அவற்றில் பல 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 5 வோல்ட் கொடுத்தால் கெட்டுவிடலாம்.

4. சேனலை எண்ணுதல்

ஐலரான் (பக்கச் சாய்வு), எலிவேட்டர் (மூக்கு மேலும் கீழும்), த்ராட்டில் (மோட்டார் வேகம்), ரட்டர் (இடம் வலம் திருப்பம்) என்று நான்கு. ஐலரானுக்கு இரண்டு சர்வோ இருந்தால் ஒய் கேபிள் (ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் கம்பி) போட்டு ஒரே சேனலில் ஓட்டலாம். ஆனால் தனித்தனி சேனலில் போட்டால்தான் ஒவ்வொன்றின் நடுநிலையையும் தனியாகச் சரிசெய்யவும், ஐலரானையே ஃபிளாப்பாக (மெதுவாகப் பறக்க உதவும் இறக்கை மடல்) பயன்படுத்தவும் முடியும். எலெவான் (ஐலரானும் எலிவேட்டரும் ஒன்றானது), வி-டெயில் (வி வடிவ வால்) போன்றவற்றில் ஒய் கேபிள் வேலைக்கே ஆகாது; இரண்டு சர்வோவும் சில நேரம் சேர்ந்தும் சில நேரம் எதிரெதிராகவும் அசைய வேண்டும்.

நான்கு இறக்கை சர்வோ உள்ள மோட்டார் கிளைடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐலரான் 2, ஃபிளாப் 2, எலிவேட்டர், ரட்டர், மோட்டார்: 7 ஆகிவிட்டது. ஆறு சேனல் ரிசீவரில் இது அடங்காது. எண்ணி முடித்ததும் ஒன்றிரண்டு கூடுதலாக வைத்து வாங்குங்கள்.

ஈஎல்ஆர்எஸ் பிடபிள்யூஎம் ரிசீவர் எடுப்பவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான ஹைப்ரிட் முறையில் முதல் நான்கு சேனல்கள்தான் நுண்மையாகப் போகும். ஐந்தாம் சேனலுக்கு இரண்டே நிலை, அதற்கு மேலுள்ளவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விரல் விட்டு எண்ணும் நிலைகள். ஆறாம் சேனலில் இரண்டாவது ஐலரானைப் போட்டால் அது படிப்படியாகக் குதிக்கும், சர்வோ கெட்டுவிட்டது என்று தோன்றும். பாக்கெட் ரேட்டில் (வினாடிக்கு எத்தனை முறை தகவல் போகிறது என்ற அமைப்பு) ஃபுல் என்று குறித்த 100 அல்லது 333 ஹெர்ட்ஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள், ஐந்தாம் சேனலை ஸ்விட்சுக்கு விட்டுவிடுங்கள்.

5. தூரம், ஆன்டெனா

சில நூறு மீட்டருக்காகச் செய்த பார்க் ஃப்ளையர் ரிசீவர்களும், முழு ரேஞ்ச் ரிசீவர்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். விவரக் குறிப்பைப் படித்தால்தான் தெரியும். சின்ன ஃபோம் விமானத்துக்குப் பார்க் ஃப்ளையர் போதும். இரண்டு மீட்டர் இறக்கை அகலமுள்ள கிளைடர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே வெகுதூரம் போய்விடும், அதில் இதைப் போடக் கூடாது.

இரட்டை ஆன்டெனா இருப்பதெல்லாம் ஒரே தரம் இல்லை. சிலவற்றில் ஒரே ரேடியோ சிப் இரண்டு ஆன்டெனாவிலும் மாறி மாறிக் கேட்கும். சிலவற்றில் ஆன்டெனாவுக்கு ஒரு சிப் வீதம் இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும்; பெரிய விமானத்துக்கு இந்த இரண்டாவது வகைதான் நல்லது. ஒற்றை செராமிக் ஆன்டெனா உள்ள ரிசீவரைச் சின்ன உள்ளரங்க மாடலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

6. மின்சாரம்

"திடீரென்று சிக்னல் போய்விட்டது" என்று சொல்லப்படும் விபத்துகளில் கணிசமானவை ரேடியோ பிரச்சினையே இல்லை, மின்னழுத்தம் சரிந்ததால் வந்தவை. ரிசீவருக்கு வரும் வோல்ட் ஒரு கணம் குறைந்தால் அது அணைந்து மறுபடி எழும். எழுந்து டிரான்ஸ்மிட்டரைக் கண்டுபிடிக்கும் வரை விமானம் யார் கையிலும் இல்லை.

பிடபிள்யூஎம் ரிசீவரின் எல்லா பிளஸ் முள்களும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். த்ராட்டில் சேனலில் செருகிய இஎஸ்சியின் பிஇசிதான் ரிசீவருக்கும் எல்லா சர்வோவுக்கும் மின்சாரம் தருகிறது. 9 கிராம் சர்வோ ஒன்று முட்டி நிற்கும்போது அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கு சர்வோ ஒரே நேரத்தில் இழுத்தால் 2 ஆம்பியர் பிஇசி திணறும். டிஜிட்டல் சர்வோ, மெட்டல் கியர் சர்வோ என்றால் இன்னும் அதிகம்.

லீனியர் பிஇசியானால் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். முழுதாகச் சார்ஜான 3 செல் லிப்போ பேட்டரி 12.6 வோல்ட். அதை 5 வோல்ட்டாக்க மீதி 7.6 வோல்ட் வெப்பமாகத்தான் போக வேண்டும். ஒரு ஆம்பியர் ஓடினால் 7.6 வாட். சின்ன இஎஸ்சி இதை நெடுநேரம் தாங்காது. 4 செல்லுக்குப் போனால் ஸ்விட்சிங் பிஇசியோ தனி யுபிஇசியோ வைப்பதே சரி.

இரண்டு மோட்டார் விமானத்தில் இரண்டு இஎஸ்சியிலும் பிஇசி இருந்தால், ஒன்றின் சிவப்புக் கம்பியை பிளக்கிலிருந்து கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு ஸ்விட்சிங் பிஇசிகள் ஒரே பிளஸ்ஸில் சேர்ந்தால் ஒன்றோடொன்று மோதும். பிஇசி இல்லாத ஆப்டோ இஎஸ்சிக்கு நேர்மாறு: தனி மின்சாரம் கொடுக்காவிட்டால் ரிசீவர் விளக்கே எரியாது.

ரிசீவரின் உச்ச வோல்ட்டையும் பாருங்கள். சில ரிசீவர்கள் 9 வோல்ட்டுக்கு மேலும் தாங்கும், பல நேனோக்கள் 5 வோல்ட்டோடு சரி. ரிசீவர் தாங்கினாலும் சர்வோ தாங்க வேண்டும். 6 வோல்ட் சர்வோவை 8.4 வோல்ட்டில் ஓட்டினால் எரிந்துவிடும்.

சோதிக்கும் முறை: காலியான சேனலில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு ஸ்டிக்கையும் வேகமாகச் சுழற்றுங்கள். எண் 4.8-க்குக் கீழே இறங்கினால் பிஇசி போதாது. மல்டிமீட்டர் மிக வேகமான சரிவைக் காட்டாது, ஆகவே விளிம்பில் நிற்கும் எண்ணையும் நம்பாதீர்கள்.

7. கைரோ, டெலிமெட்ரி

கைரோ உள்ள ரிசீவர் காற்றில் விமானத்தை நிலையாக வைத்திருக்கும், ஆனால் திசை சரியாக இருந்தால் மட்டும். கையில் பிடித்து வலது இறக்கையைத் தாழ்த்தினால் வலது ஐலரான் கீழிறங்க வேண்டும். மூக்கை உயர்த்தினால் எலிவேட்டர் கீழே போக வேண்டும். மூக்கை வலப்பக்கம் திருப்பினால் ரட்டர் இடப்பக்கம் போக வேண்டும். எதிர்த்திசையில் அசைந்தால் சின்னச் சாய்வை அது பெரிதாக்கிக் கவிழ்த்துவிடும். மின்சாரம் கொடுத்த முதல் சில வினாடிகளில் விமானத்தை அசைக்காதீர்கள், கைரோ அப்போதுதான் தன் நடுநிலையை அளந்துகொள்கிறது.

டெலிமெட்ரி இருந்தால் நல்லது. குறைந்தபட்சம் ரிசீவர் வோல்ட்டும் சிக்னல் அளவும் வரட்டும், ஆறாம் படியில் பேசியதை அது பறக்கும்போதே காட்டிவிடும்.

சர்வோவும் இஎஸ்சியும் ரிசீவர் பலகையிலேயே பதிந்துவரும் மைக்ரோ மாடல்களும் உண்டு. அதில் ஒன்று போனால் மொத்தப் பலகையையும் மாற்ற நேரலாம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி.

8. பைண்ட், திசை, அப்புறம் ஃபெயில்சேஃப்

இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் செய்ய வேண்டும்.

பைண்ட் செய்யும்போது டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் ஒட்டி வைக்காமல் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். மிக அருகில் சிக்னல் அளவுக்கு மீறிப் போய் ரிசீவர் குழம்பும். முறை கருவிக்குக் கருவி மாறும்: பைண்ட் பிளக், பட்டன், அல்லது ஈஎல்ஆர்எஸ்ஸில் மூன்று முறை மின்சாரத்தைப் போட்டு எடுப்பது. ஈஎல்ஆர்எஸ்ஸில் இருபக்கமும் ஒரே பைண்டிங் ஃப்ரேஸ் (கடவுச்சொல் போன்ற சொற்றொடர்) எழுதிவிட்டால் இதுவும் வேண்டாம். இணைப்புக் கிடைக்காத ஈஎல்ஆர்எஸ் ரிசீவர் சுமார் 60 வினாடியில் வைஃபைக்குப் போய்விடும். அப்படியானால் மின்சாரத்தை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அடுத்து சேனல் வரிசை. ஃபுட்டாபா வழியில் ஐலரான், எலிவேட்டர், த்ராட்டில், ரட்டர். ஸ்பெக்ட்ரம் வழியில் த்ராட்டில் முதலில். மாறிப் போனால் ஐலரான் ஸ்டிக்கை அசைக்கும்போது மோட்டார் ஓடும். புரொப்பெல்லரைக் கழற்றி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான். வரிசை சரியானதும் ஒவ்வொரு சர்வோவின் திசையையும் சரிசெய்யுங்கள். த்ராட்டிலைத் திருப்ப வேண்டியிருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

எல்லாத் திசையும் முடிந்த பிறகே ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. பல ரிசீவர்கள் அப்போதைய துடிப்பின் அளவைத்தான் நினைவில் வைக்கும், ஸ்டிக் எங்கே இருந்தது என்பதை அல்ல. த்ராட்டிலைத் திருப்புவதற்கு முன்னால் பதித்த "குறைந்த த்ராட்டில்", திருப்பிய பிறகு முழு த்ராட்டிலாகிவிடும். ஸ்பெக்ட்ரமில் பைண்ட் செய்யும் நேரத்து நிலைதான் ஃபெயில்சேஃபாகப் பதிவதால், திசைகளைச் சரிசெய்த பிறகு த்ராட்டிலைத் தாழ்த்தி இன்னொரு முறை பைண்ட் செய்ய வேண்டும்.

என்ன பதிப்பது? கடைசி நிலையையே பிடித்துக்கொள்ளும் ஹோல்டு முறை மோட்டார் விமானத்துக்கு ஆபத்து, முழு த்ராட்டிலிலேயே போய்க்கொண்டிருக்கும். த்ராட்டில் பூஜ்யம், மற்றவை நடுவில் என்பது பொதுவான தொடக்கம். ஃப்ளைட் கன்ட்ரோலர் இருந்தால் கணக்கு வேறு. இணைப்பு போனது அதற்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் திரும்பி வரும் முறையைத் தொடங்கும். ரிசீவரில் துடிப்பே அனுப்பாத நோ பல்ஸ் முறையை வையுங்கள். ரிசீவர் ஹோல்டில் இருந்தால், ஸ்டிக் அசையாமல் இருக்கிறது என்றே கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும்.

பதித்ததைச் சோதிக்காமல் விடாதீர்கள். புரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட்டி, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஓரிரு வினாடியில் மோட்டார் நிற்க வேண்டும்.

9. விமானத்துக்குள் பொருத்துதல்

2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு 31 மில்லிமீட்டர், வழக்கமான கம்பி ஆன்டெனாவின் நுனியில் கவசம் இல்லாமல் வெளியே தெரியும் பகுதி அதுதான். வேலை செய்வது அந்த நுனி மட்டுமே, மீதி வெறும் கேபிள். நீளமாக இருக்கிறதே என்று நுனியை வெட்டினாலோ மடித்தாலோ ரேஞ்ச் போய்விடும். இடம் போதாவிட்டால் கேபிள் பகுதியைச் சுற்றி வையுங்கள்.

இரண்டு நுனிகளையும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் வையுங்கள். ஆன்டெனாவின் அச்சுத் திசையில் அது மிகக் குறைவாகவே கேட்கும். ஒன்றின் முனை உங்களை நோக்கும்போது மற்றது பக்கவாட்டில் இருந்தால் எப்படித் திரும்பினாலும் ஒன்றாவது கேட்கும். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய்த் துண்டில் நுழைத்து ஒட்டினால் கோணம் மாறாது.

கார்பன் ஃபைபர் உடலுக்குள் வைத்தால் சிக்னல் மறைந்துவிடும், நுனியை வெளியே கொண்டுவந்தே ஆக வேண்டும். பேட்டரி, மோட்டார் கம்பி, வீடியோ டிரான்ஸ்மிட்டர் ஆகியவற்றிலிருந்தும் முடிந்தவரை தள்ளி வையுங்கள். எரிபொருள் எஞ்சின் மாடலானால் ரிசீவரை நுரைத் துண்டில் சுற்றுங்கள், அதிர்வு பற்றவைப்புகளைத் தளர்த்தும்.

10. ரேஞ்ச் சோதனை

பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்களில் ரேஞ்ச் சோதனைக்கென்று சக்தியைக் குறைக்கும் முறை இருக்கும். கையேட்டில் சொன்ன தூரத்துக்கு, பொதுவாக 30 மீட்டர் அளவில், நடந்து போய் எல்லா ஸ்டிக்கையும் அசைத்துப் பாருங்கள். உதவிக்கு ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து பிடித்து நாலாபக்கமும் திருப்பட்டும். சர்வோ எங்காவது தயங்கினால் ஆன்டெனா கோணத்தை மாற்றி மறுபடி செய்யுங்கள்.

முதலில் மோட்டார் நின்றபடி, அப்புறம் மோட்டார் ஓடும்போது. இரண்டாவதில் மட்டும் தயங்கினால் இஎஸ்சி இரைச்சலையோ பிஇசியையோ சந்தேகியுங்கள், ரிசீவரை மாற்றிப் பயனில்லை. புரொப்பெல்லரோடு செய்வதானால் அதன் சுழல்தளத்துக்கு நேராகவோ முன்னாலோ யாரும் நிற்கக் கூடாது.

டெலிமெட்ரி இருந்தால் எச்சரிக்கை ஒலியையும் வைத்துவிடுங்கள். ஃப்ரஸ்கை ரிசீவர்களுக்கு ஓபன்டிஎக்ஸ் மென்பொருள் தரும் இயல்பான ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் வலிமை) எச்சரிக்கை அளவுகள் 45, 42. அவற்றை மாற்ற வேண்டியதில்லை. ஈஎல்ஆர்எஸ்ஸில் ஆர்எஸ்எஸ்ஐயை விட எல்க்யூ எண்ணையே பாருங்கள், எத்தனை சதவீத பாக்கெட்டுகள் சரியாக வந்து சேர்கின்றன என்பதை அது சொல்லும். முதல் பறத்தலுக்குப் பிறகு பதிவை எடுத்து எண் எங்கே சரிந்தது என்று பாருங்கள். விமானம் திரும்பும்போதெல்லாம் ஒரே மாதிரி சரிந்திருந்தால் ஆன்டெனாவை மறைக்கும் ஏதோ ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறது, பெரும்பாலும் பேட்டரி.